வீட்டுக் கணக்குக்கு எந்தச் செயலி? டர்பனிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு வரவு செலவைக் கவனித்துக்கொள்ளும் இணையச் செயலிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "வங்கிக் கணக்கை இணைத்துவிட்டால் போதும், மீதியைச் செயலியே பார்த்துக்கொள்ளும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் காரைக்குடிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்தேன், இங்கே சாட்ஸ்வொர்த் என்ற பகுதியில் குடியிருக்கிறோம். பருப்பு, மசாலா மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பகலெல்லாம் முதலாளி கணக்கு, ராத்திரி எங்கள் வீட்டுக் கணக்கு. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கை இணைப்பது என்றால் என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. இந்தியாவில் அதற்கு இப்போது ஒரு முறை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2016இல் விதிமுறை வகுத்து, 2021 செப்டம்பரில் பெரிய வங்கிகளோடு தொடங்கிய 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' ஏற்பாடு அது. அதில் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுப்பதில்லை. எந்தக் கணக்கு, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று பார்த்துச் சம்மதம் கொடுக்கிறோம். வேண்டாம் என்று தோன்றினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு முன்னால் இந்தியச் செயலிகள் பலவும் போனில் வரும் வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்துத்தான் கணக்குப் போட்டன. இன்னமும் சில அப்படித்தான் செய்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. 2012இல் கேப் டவுனிலிருந்து '22செவன்' என்ற சேவை வந்தது. உங்கள் எல்லா வங்கிக் கணக்குகளையும் ஒரே திரையில் காட்டும். அதற்கு இணைய வங்கியில் நுழையும் பெயரையும் பாஸ்வேர்டையும் அதனிடம் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் பெயரில் ஒரு கணினி உள்ளே போய்ப் பக்கங்களைப் படித்துக்கொண்டு வரும். பாஸ்வேர்டை மூன்றாம் ஆளிடம் கொடுப்பது எங்களோடு உள்ள ஒப்பந்தத்துக்கே விரோதம் என்று வங்கிகள் அப்போதே எச்சரித்தன. மறு வருடமே ஓல்ட் மியூச்சுவல் நிறுவனம் அந்தச் சேவையை வாங்கிவிட்டது, பின்னால் பெயரும் 'வால்ட்22' என்று மாறிவிட்டது. அது மோசமான செயலி என்று சொல்ல வரவில்லை. தன் பணம் எங்கே போகிறது என்பதை நிறையப் பேர் முதல் தடவையாகப் பார்த்தது அதில்தான். ஆனால் பணம் களவு போய் வங்கியில் போய் நின்றால், முதல் கேள்வி "பாஸ்வேர்டை யாரிடமாவது கொடுத்தீர்களா?" என்பதுதானே? அங்கே என்ன பதில் சொல்வது? தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி இதைப் பற்றி 2020இல் ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் இருக்கிற மாதிரி எல்லா வங்கிகளுக்கும் பொதுவான சம்மத முறை மட்டும் இங்கே இன்னும் கைக்கு வரவில்லை.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 'போப்பியா' என்று ஒரு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2013இல் நிறைவேறி, 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று எந்த நிறுவனத்தையும் கேட்கலாம், தேவையில்லாமல் வைத்திருப்பதை அழிக்கவும் சொல்லலாம். கேட்பவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

அடுத்தது இலவசம். கட்டுரையில் முதல் மூன்று இடத்துக்கு வந்த செயலிகள் எல்லாமே இலவசம் என்பதற்காகவே மதிப்பெண் வாங்கியிருந்தன. அமெரிக்காவில் 'மின்ட்' என்று ஒன்று இருந்தது. 2007இல் வந்தது, 2009இல் இன்ட்யூட் நிறுவனம் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. கிரெடிட் கார்டுக்கும் கடனுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்துதான் அது பணம் பார்த்தது. 2024 மார்ச்சில் கடையை மூடி, உபயோகிப்பவர்களைத் தன்னுடைய இன்னொரு சேவையான கிரெடிட் கர்மாவுக்குப் போகச் சொன்னது இன்ட்யூட். அங்கே போனவர்களுக்குப் பழைய மாதிரி பட்ஜெட் போடும் வசதி இல்லை. இந்தியாவில் 'வால்நட்' கதையும் கிட்டத்தட்ட இதுதான். குறுஞ்செய்தியைப் படித்துச் செலவுக் கணக்கு காட்டிய அந்தச் செயலியை 2018இல் வாங்கியது கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம். பின்னால் அதன் பெயர் 'ஆக்சியோ' என்று மாறியது. நாம் எங்கே, எப்போது, எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது கடன் கொடுப்பவனுக்கு எவ்வளவு பயன்படும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பாதுகாப்பை விடுவோம். எல்லாம் ஒழுங்காக இணைந்து ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். செயலி தானாகவே போடும் கணக்கு சரியாக இருக்குமா என்றால், எங்கள் ஊரில் இருக்காது.

சூப்பர் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அது மளிகைக் கடை மட்டும் இல்லை. கல்லாவில் நிற்கிற பெண்ணிடமே மின்சாரத்துக்கு முன்பணம் கட்டலாம். ரசீதில் 20 இலக்க எண் ஒன்று அச்சாகி வரும், அதை வீட்டு மீட்டரில் அழுத்தினால் கரண்ட். போனுக்கு ரீசார்ஜும் அங்கேயே. கார்டைத் தேய்க்கும்போதே கையில் ரொக்கமும் வாங்கிக்கொள்ளலாம், ஏ.டி.எம். வாசலில் இருட்டில் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். ஒரு சனிக்கிழமை ரசீதைச் சொல்கிறேன். அரிசி, பால், சோப்பு வகையில் 630 ராண்ட் (ராண்ட் என்பது இந்த நாட்டு நாணயம்). மின்சாரம் 350. என் பெண்ணின் போனுக்கு 100. ரொக்கம் 400. மொத்தம் 1,480. வங்கி அறிக்கையில் கடையின் பெயரும் 1,480 என்ற எண்ணும் மட்டும்தான் வரும். செயலி அத்தனையையும் 'மளிகை' என்று போட்டு, "இந்த மாதம் உணவுச் செலவு கூடிவிட்டது" என்று எனக்கே புத்தி சொல்லும்! பெட்ரோல் பங்கிலும் இதே கதைதான். ராத்திரி அங்கேயே ரொட்டியும் பாலும் வாங்குகிறோம், அதெல்லாம் 'வாகனம்' என்ற தலைப்பில் போய் உட்காரும்.

ரொக்கமாக எடுத்த 400 எங்கே போனது என்பது செயலிக்குத் தெரியவே தெரியாது. சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், கட்டணத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். மினிபஸ் டாக்ஸியிலும் அப்படித்தான். பின் சீட்டில் இருப்பவர் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கைமாறி டிரைவரிடம் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். முன் சீட்டில் மாட்டிக்கொண்டவர் எல்லோருடைய கணக்கையும் மனசுக்குள் போட்டாக வேண்டும். அப்புறம் கோயில் உண்டியல், காவடி சமயத்துக் கட்டளை, வார்விக் சந்தையில் கீரை. இவை எதற்கும் வங்கியில் தடயம் கிடையாது. சம்பளக்காரக் குடும்பத்தில் கை நழுவுகிற பணம் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. அதைப் பார்க்க முடியாத செயலி எதைப் பார்த்து என்ன?

ஆகவே என் கணக்கில் முதல் தகுதி, ஒரே ரசீதைப் பிரித்து எழுத விட வேண்டும். 'ரொக்கம்' என்பதை ஒரு தனிக் கணக்காக வைத்துக்கொள்ளவும் விட வேண்டும். கடையில் ராத்திரி பெட்டிப் பணத்தை எண்ணி, ஏட்டில் உள்ள இருப்போடு ஒத்துப் பார்க்காமல் ஷட்டரை இறக்க மாட்டோம். வீட்டில் தினமும் அது முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையாவது பர்ஸில் இருப்பதை எண்ணிப் பார்த்து, வித்தியாசத்தை 'தெரியாத செலவு' என்று ஒரு வரியாகப் போட இடம் வேண்டும். பளபளக்கும் வட்டப்படம் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது விஷயம் சீட்டு. இதைக் கட்டுரை தொடவே இல்லை, தமிழ்க் குடும்பங்களுக்கு எழுதும்போது இதை எப்படி விட்டார்கள் என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் கடையில் வேலை செய்யும் ஜூலு பெண்கள் ஒரு 'ஸ்டாக்வெல்' நடத்துகிறார்கள், நானும் அதில் சேர்ந்திருக்கிறேன். நம்ம ஊர்ச் சீட்டுக்கு அது உறவுக்காரி என்று சொல்லலாம். ஜனவரியிலிருந்து நவம்பர் வரை ஆளுக்கு மாதம் 500 ராண்ட் போடுகிறோம். டிசம்பரில் ஆளுக்கு 5,500ஐப் பிரித்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்குவார்கள். இன்னொரு பக்கம் காரைக்குடியில் என் பெயரில் 11 மாத நகைச்சீட்டு ஓடுகிறது. இரண்டையும் செயலி 'செலவு' என்று போடும். டிசம்பரில் 5,500 வந்ததும் 'வருமானம்' என்று போடும். இரண்டும் தப்பு. சீட்டில் போட்ட பணம் செலவழியவில்லை, வேறு ஒரு பெட்டிக்குப் போயிருக்கிறது. இப்படி எழுதினால் பதினோரு மாதம் வீடு ஊதாரியாகத் தெரியும், பன்னிரண்டாம் மாதம் லாட்டரி அடித்த மாதிரித் தெரியும். சீட்டையும் ஸ்டாக்வெல்லையும் தனித்தனிக் கணக்காகத் திறந்து, 500 ராண்டைச் 'செலவு' என்று எழுதாமல் 'மாற்றம்' என்று எழுத விடுகிறதா என்று பாருங்கள். அப்படி விடாத செயலியை நம் வீடுகளில் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது.

மாதம் எப்போது பிறக்கிறது என்பதும் ஒரு பிரச்சினை. இங்கே பல இடங்களில் 25ஆம் தேதி சம்பளம். அன்றைக்கும் அடுத்த சில நாளிலுமாக வீட்டுக் கடன், காப்பீடு, மருத்துவத் திட்டம் எல்லாம் டெபிட் ஆர்டராக, அதாவது கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்பட்டுப் போய்விடும். செயலியோ 1ஆம் தேதியிலிருந்து மாதத்தை எண்ணும். அப்போது சம்பளம் ஒரு மாதத்திலும் அதைக் கொண்டு செய்த செலவு அடுத்த மாதத்திலும் விழும். டிசம்பரில் இன்னும் மோசம். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே சம்பளம் போட்டுவிடுவார்கள், அதை வைத்துக்கொண்டு ஜனவரி 25 வரை ஓட்ட வேண்டும். நடுவில் பள்ளிக்கூடம் திறக்கும், ஃபீஸ், சீருடை, நோட்டுப் புத்தகம். இங்கே கல்வி ஆண்டு ஜனவரியில்தான் தொடங்குகிறது. மாதத் தொடக்கத்தை நாமே 25 என்று மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் ஆகும், அமைப்புப் பக்கத்திலேயே இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற உங்கள் வாசகர்களுக்காக இன்னொன்று. அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். ராண்டுக்கு இத்தனை ரூபாய் என்பது வாரத்துக்கு வாரம் ஆடுகிறது. இரண்டு நாணயம் உண்டு என்று விளம்பரம் செய்யும் செயலிகளில் சில, போன வருடச் செலவையும் இன்றைய மாற்று விலையில் திருப்பிப் போட்டுக் காட்டும். மார்ச்சில் அனுப்பிய பணம் ஜூலையில் பார்த்தால் வேறு தொகையாக நிற்கும். அனுப்பிய அன்றைய விலை, பணம் அனுப்பும் கடையில் பிடித்த கட்டணம் இரண்டையும் அந்த வரியிலேயே எழுதி உறைய வைக்க முடிய வேண்டும்.

காசு கொடுத்து வாங்குகிற செயலி பற்றிக் கேட்டால், 'ஒய்நாப்' நல்லது. கையில் இருக்கும் பணத்துக்கு மட்டும் பட்ஜெட் போடு, ஒவ்வொரு காசுக்கும் வேலை கொடு என்பது அதன் வழி, நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் காசு பிரித்து வைத்ததைப் போல. ஆனால் 2024இல் அதன் விலை வருடத்துக்கு 109 டாலர், இங்கே அப்போது சுமார் 2,000 ராண்ட். கடன் அட்டையில் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு அது ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிடும். எங்களை மாதிரி வீட்டுக்கு அதிகம். அதே வழியில் போகும் 'ஆக்சுவல் பட்ஜெட்' 2022இலிருந்து திறந்த மூலமாக, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்து உபயோகிக்கும்படி கிடைக்கிறது, கணினியில் கொஞ்சம் கை வைக்கத் தெரிந்தால் இலவசம். கணக்குப் படித்தவர்களுக்கு 'க்னூகேஷ்' பிடிக்கும், பற்று வரவு முறையில் எழுதலாம். எனக்குப் பிடிக்கும், என் வீட்டுக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கமே வரவில்லை.

இனி, செயலியை விட்டு வெளியே வருவது. மின்ட் மூடியபோது பலர் விழித்தது இதில்தான். பல செயலிகள் 'ஏற்றுமதி' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கும். அழுத்தினால் என்ன வருகிறது என்று சேருவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டும். படம் போட்ட பி.டி.எஃப். அறிக்கை வந்தால் அது ஏமாற்று. வரி வரியாக, எக்செல்லில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பு வர வேண்டும். தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு இதிலும் ஒரு சிக்கல். நான் 'மளிகை', 'கோயில்', 'அம்மாவுக்கு' என்று வைத்திருந்தேன். ஒரு செயலியிலிருந்து இறக்கிய கோப்பை எக்செல்லில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தால், தமிழ் எழுத்தெல்லாம் கொக்கியும் கொம்புமாக ஏதோ மந்திரம் மாதிரி வந்தது. கோப்பில் தப்பில்லை, திறந்த விதம்தான். முதலில் காலி எக்செல்லைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, எழுத்து வகை யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தால் 'மளிகை' மளிகையாகவே வரும்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை. இந்த நாட்டு அமைப்பில் விண்டோஸ் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும். செயலி தரும் 630.50ஐ எக்செல் எண்ணாகவே மதிக்காது, கூட்டினால் பூஜ்யம் காட்டும். தேதியும் அப்படித்தான். அமெரிக்கச் செயலி 03/04 என்று எழுதினால் அது மார்ச் 4. நம் ஊர்ப் பழக்கத்தில் ஏப்ரல் 3. இங்கே வரி வருடம் மார்ச் 1இல் தொடங்கி பிப்ரவரிக் கடைசியில் முடிகிறது. தேதி புரண்டால் ஒரு வருடச் செலவு இன்னொரு வருடத்தில் போய் விழும், மருத்துவச் செலவுக்கு வரிச் சலுகை கேட்கும்போது மண்டை காயும்.

நீ எதை வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். கூகுள் ஷீட் ஒன்று, நானும் அவரும் பங்கிட்டுக்கொண்டது. அதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் செய்து போன் முகப்பில் வைத்திருக்கிறோம். தொகை, எந்தப் பெட்டியிலிருந்து, எதற்கு, இவ்வளவுதான் கேட்கும். கல்லாவை விட்டு நகர்வதற்குள் போட்டுவிடலாம். மாதம் ஒரு தடவை, நானே வங்கித் தளத்துக்குள் போய் அறிக்கையை இறக்கி ஒத்துப் பார்க்கிறேன். கணக்கு எண்ணையோ அட்டை எண்ணையோ அதில் எழுதுவதில்லை. குறையும் உண்டு. நெட் இல்லாத இடத்தில் ஃபார்ம் திறக்காது. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது செல்போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடும், அந்த நாட்களில் ரசீதின் முதுகில்தான் எழுதி வைத்தோம்.

எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். எங்கள் கடையில் பில் போடும் பெண் டர்பனிலேயே பிறந்தவள், இங்கிலீஷ்தான் பேசுவாள், என்னை மட்டும் 'அக்கா' என்று கூப்பிடுவாள். "அக்கா, எந்த ஆப் நல்லது?" என்றாள். அவளுக்கு ஒரே ஒரு வங்கிக் கணக்கு, ஊருக்குப் பணம் அனுப்புகிற வேலை இல்லை. அவளுடைய வங்கியின் சொந்தச் செயலியிலேயே செலவைப் பிரித்துக் காட்டும் பகுதி இருக்கிறது. அதையே உபயோகி, பாஸ்வேர்டை வெளியே கொடுக்க வேண்டிய வேலையே இல்லை என்றேன். அவளுக்கு அது போதும். கணவன் மனைவி இரண்டு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் அது அரைக் கண் பார்வை.

ஆசிரியரிடம் ஒரு விண்ணப்பம். தொடரின் அடுத்த பகுதி வருமானால், அக்கவுண்ட் அக்ரிகேட்டரில் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று திரைப் படங்களோடு போடுங்கள். காரைக்குடியில் என் தம்பி கடன் கிடைக்குமா என்று பார்ப்பதற்காகக் கண்ட செயலியிலும் 'ஆம், ஆம்' என்று தட்டி வைத்திருக்கிறான். யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. நான் போனில் சொன்னால் கேட்க மாட்டான், பேப்பரில் வந்தால் கேட்பான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்